நஞ்சும் அளவும் குதிரையும்: செங்கல்பட்டு – மாமல்லபுரம் கடற்கரையை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

பாம்புக்கடிக்கு இந்தியாவில் வழங்கப்படும் மருந்து குதிரையின் குருதியிலிருந்து பெறப்படுகிறது. அதற்குத் தேவையான பாம்பு நஞ்சின் பெரும்பங்கு செங்கல்பட்டு மாவட்டத்தின் வடநெம்மேலியிலிருந்து செல்கிறது. அதே கடற்கரையில் வளரும் அரளியின் சில இலைகள் ஒரு குதிரையைக் கொல்லப் போதுமானவை. ஒரே விலங்கு நஞ்சால் மடிவதும் நஞ்சிலிருந்து மருந்து தருவதும் நஞ்சு உடலுக்குள் செல்லும் வழியையும் அளவையும் பொறுத்தன. இவ்விரு நிலைகளையும் வேறுபடுத்தத் தமிழில் தனிச்சொற்கள் நிலைபெறவில்லை. மருந்தைக் குறிக்கும் சொற்களில் குதிரை இடம்பெறவுமில்லை. இக்குறைகளை இலக்கியச் சான்று, சொல் வழக்கு, கால்நடை மருத்துவச் செய்திகள் ஆகியவற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நஞ்சு, உண்நஞ்சு, கடிநஞ்சு, ஊநீர், இருளர், வடநெம்மேலி, நீர்ப்பெயற்று, கலைச்சொல்லாக்கம்

1. முன்னுரை

செங்கல்பட்டு மாவட்டம் 2019ஆம் ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதன் கிழக்கெல்லையான கடற்கரையில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, மாமல்லபுரத்திற்கு வடக்கே வடநெம்மேலி அமைந்துள்ளது. சென்னை முதலைப் பண்ணை 1976இல் இங்கு நிறுவப்பட்டது. இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் 1978இல் தோன்றியதும் இங்குதான். மாமல்லபுரம் கடற்கரை மணலில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் மட்டக்குதிரைகளை எவரும் காணலாம். வடநெம்மேலியில் எடுக்கப்படும் நஞ்சைப் பெறும் குதிரைகளோ இங்கில்லை. அவை ஐதராபாத்து, புனே போன்ற தொலைவிடங்களின் பண்ணைகளில் உள்ளன. கண்ணுக்குத் தெரியும் குதிரை, தெரியாத குதிரை ஆகிய இரண்டையும் நஞ்சு என்னும் ஒரு பொருள் இணைக்கிறது. அவ்விணைப்பைத் தமிழ்ச்சொற்கள் எவ்வளவு தெளிவாகக் காட்டுகின்றன என்பதே இக்கட்டுரையின் வினா.

2. கடல்வழி வந்த விலங்கு

குதிரை இக்கடற்கரைக்குப் புறத்திலிருந்து வந்த விலங்கு. தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட பெரும்பாணாற்றுப்படை, நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்தில் வெண்ணிறப் பிடரிமயிருடைய குதிரைகளையும் வடநாட்டு வளங்களையும் கொணர்ந்த மரக்கலங்கள் சூழ நின்றதைக் கூறுகிறது. அத்துறைமுகத்தை மாமல்லபுரத்தோடும் அதனை அடுத்த கடற்கரை ஊர்களோடும் பொருத்திக் கண்ட ஆய்வாளர் உளர். இதன் ஆசிரியர் கடியலூர் உருத்திரங்கண்ணனாரே பாடிய பட்டினப்பாலையும் காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழிக் குதிரைகள் வந்ததைப் பதிவு செய்கிறது. ஒரே புலவர் சோழ நாட்டுத் துறைமுகத்திலும் தொண்டை நாட்டுத் துறைமுகத்திலும் குதிரை இறக்குமதியைச் சுட்டுவதால், அது தமிழகக் கீழைக்கடற்கரையின் பொதுவான வாணிகம் எனக் கொள்ளலாம்.

விலங்கு வந்த வேகத்தில் அதனைப் பேணும் அறிவு வந்து சேரவில்லை எனப் பிற்காலப் பயணி ஒருவர் கூறுகிறார். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் பெருந்தொகையான குதிரைகள் வாங்கப்பட்டும் அவற்றுள் மிகச் சிலவே ஆண்டிறுதியில் எஞ்சின என்கிறார். குதிரை மருத்துவம் அறிந்தோர் இன்மையையும், இறைச்சியோடு வேகவைத்த சோறு போன்ற பொருந்தாத தீவனத்தையும் அவர் காரணமாகக் காட்டுகிறார். பயணக் குறிப்பில் மிகை இருக்கக்கூடும். எனினும் குதிரையின் சாவுக்குத் தீவனமும் காரணமாகலாம் என்னும் அவருடைய நோக்கு இன்றைய மருத்துவத்தோடு முரண்படுவதன்று.

தமிழில் மாட்டுவாகட நூல்கள் பரவலாக வழங்கின. வீடுதோறும் மாடு இருந்ததால் அவ்வறிவும் வீடுதோறும் இருந்தது. குதிரை மருத்துவமோ அரண்மனையையும் படையையும் சார்ந்திருந்தது. நகுலன் பெயரால் வழங்கும் வடமொழி அசுவசாத்திரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் பதிப்பித்திருப்பது அம்மரபின் எச்சம். மாட்டுக்குரிய பட்டறிவைக் குதிரைக்கு அப்படியே பொருத்த இயலாது என்பது இங்குக் கருதத்தக்கது. மாட்டின் பெருவயிற்று நுண்ணுயிர்கள் சில நச்சுப் பொருள்களைச் சிதைக்கவல்லவை. குதிரைக்கு அத்தகைய முன்காப்பு இல்லை. அன்றியும், உணவுக்குழல் இரைப்பையோடு சேரும் இடத்திலுள்ள தசைவளையம் மிக வலியது ஆகையால் குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. உள்ளே சென்ற நஞ்சு வந்தவழியே வெளியேறாது.

3. நஞ்சு: சொல்லும் பொருளும்

நஞ்சு, விடம், ஆலம், காளம், கடு எனத் தமிழில் ஒருபொருட் பன்மொழிகள் பல உள்ளன. இவை செய்யுளின் ஓசைக்கும் தொடைக்கும் உதவுவன. ஆனால் நஞ்சின் வகையைப் பிரித்தறிய இவை உதவுவதில்லை. அரளியில் உள்ளதும் நஞ்சு. நாகத்தின் பல்லில் உள்ளதும் நஞ்சு. இரண்டும் உடலில் செயற்படும் முறையோ முற்றிலும் வேறானது. அரளி உண்டால் கொல்லும். பாம்பின் நஞ்சு பெரும்பாலும் புரதங்களால் ஆனது. அது குருதியிலோ திசுவிலோ பாய்ந்தால் கொல்லும். வாயிலும் குடலிலும் புண் இல்லாத நிலையில் விழுங்கப்பட்டால் செரித்துச் சிதைந்துவிடும்.

இவ்வேறுபாட்டைக் காட்ட உண்நஞ்சு, கடிநஞ்சு என்னும் இரு சொற்களை இக்கட்டுரை பயன்படுத்துகிறது. முன்னது உண்கலம் போன்ற வினைத்தொகை. புணர்ச்சி விதிப்படி ‘உண்ணஞ்சு’ என்று அமைய வேண்டும்; கலைச்சொல்லாக வழங்கும்போது பொருள் தெளிவு கருதிப் பிரித்தெழுதுதல் தகும். பின்னதில் ஓர் ஐயம் எழக்கூடும். கடி என்பது தொல்காப்பிய உரியியலில் கூர்மை, விரைவு, மிகுதி, அச்சம் முதலிய பல பொருள் குறித்த உரிச்சொல்லாகும். ஆகவே கடிநஞ்சு என்பதை ‘மிக்க நஞ்சு’ எனவும் கொள்ள இடமுண்டு. முதலில் ஆளும் இடத்தில் ‘கடித்துச் செலுத்தும் நஞ்சு’ என வரையறுத்துவிட்டால் இம்மயக்கம் நீங்கும்.

அளவு பற்றிய சிந்தனை தமிழ் மரபுக்குப் புதியதன்று. சித்த மருத்துவம் 64 பாடாணங்களைப் பிறவிப் பாடாணம் 32, வைப்புப் பாடாணம் 32 எனப் பகுக்கிறது. அவற்றைச் சுத்தி செய்து, அளவறிந்து, துணைமருந்தோடு வழங்கும் முறையையும் வகுத்துள்ளது. அங்கு நஞ்சின் கடுமை மருத்துவர் கையிலேயே தணிக்கப்படுகிறது. பாம்புக்கடி மருந்திலோ அப்பணியைக் குதிரையின் உடல் செய்கிறது. இவ்வேறுபாடே பின்வரும் பகுதிகளுக்கு அடிப்படை.

4. உண்நஞ்சு: கைக்கெட்டும் ஆபத்து

4.1 அரளி

தமிழகக் கோயில்களில் அரளிப்பூ மாலையாகிறது. நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டுகளில் செவ்வரளி வரிசையாக நிற்கிறது. வறட்சியைத் தாங்குவதும் ஆடுமாடுகள் மேயாததும் அதனை நடுவதற்குரிய காரணங்கள். மேயாமைக்குக் காரணம் அதன் கசப்பு. ஆனால் அரளியின் வேர், தண்டு, இலை, பூ ஆகிய அனைத்திலும் இதயத்தைத் தாக்கும் கிளைகோசைடுகள் உள்ளன. உலர்ந்தாலும் அவை அழிவதில்லை. வெட்டிக் குவிக்கப்பட்ட தழை காய்ந்தபின் விலங்கு அதனை ஒதுக்காமல் தின்னும் வாய்ப்பு மிகுதி. எனவே நிற்கும் செடியைவிட வெட்டிப்போட்ட தழையே குதிரைக்குப் பேரிடர்.

உடல் எடையில் ஏறத்தாழ 0.005 விழுக்காடு உலர்ந்த இலை குதிரையைக் கொல்லக்கூடும் எனக் கால்நடை நச்சியல் குறிப்பிடுகிறது. 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு இது 20 கிராம். மட்டக்குதிரைக்கு இதனினும் குறைவு. வயிற்றுவலி, கழிச்சல், தாறுமாறான இதயத்துடிப்பு, தள்ளாட்டம் ஆகியன அறிகுறிகள். சிலபோது இறந்து கிடப்பதே முதல் அறிகுறியாக அமையும். குதிரை வாந்தியெடுக்காது ஆகலின் மூக்குவழிக் குழாய் செலுத்தி, நஞ்சை ஈர்த்துக்கொள்ளும் தூண்டப்பட்ட கரியைத் தருவதே முதன்மையான சிகிச்சை. ஐயனார் கோயில் சுடுமண் குதிரைக்கு அணிசெய்யும் மாலை, உயிருள்ள குதிரையின் வாய்க்கு எட்டாதவாறு அகற்றப்பட வேண்டிய ஒன்று.

4.2 ஆமணக்கு, குன்றி

ஆமணக்கு விதையிலுள்ள ரிசின், குன்றிமணியிலுள்ள ஆப்ரின் ஆகியன உயிரணுக்களின் புரத ஆக்கத்தைத் தடுக்கும் நஞ்சுகள். ஆமணக்கு நஞ்சால் எளிதில் தாக்குறும் விலங்குகளுள் குதிரை முன்னிற்பது. எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் ஆமணக்குப் பிண்ணாக்கு வயலுக்கு உரமாகிறது. கடலைப் பிண்ணாக்கும் எள்ளுப் பிண்ணாக்கும் தீவனமாகின்றன. ‘பிண்ணாக்கு’ என்னும் ஒரே சொல் உரத்தையும் உணவையும் குறிப்பதால், அடைமொழி விடுபடும் இடத்தில் ஆபத்து நுழைகிறது. கடைச்சீட்டிலும் சாக்கின் மேலும் அடைமொழியோடு எழுதுவது சொல்லாய்வாளரின் விருப்பம் மட்டுமன்று, உயிர்காப்புத் தேவை.

4.3 தீவனம்

கோழித் தீவனத்தில் இரத்தக்கழிச்சல் நோயைத் தடுக்கச் சேர்க்கப்படும் மொனென்சின் இவ்வரிசையில் தனித்துக் கருதத்தக்கது. அதன் கொல்லளவு கோழிக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 200 மி.கி.; குதிரைக்கு 2 முதல் 3 மி.கி. மட்டுமே. ஒரு விலங்கின் மருந்து மற்றொன்றின் நஞ்சாவதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது. பூசணம் பிடித்த மக்காச்சோளத்தில் உருவாகும் பியூமோனிசின் குதிரையின் மூளை வெண்பொருளைக் கரைத்து, தள்ளாட்டத்தையும் பார்வையிழப்பையும் விளைவிக்கும். ஈரக்காற்று மிகுந்த கடற்கரையில் தீவனத்தை உலர்வாகச் சேமித்தல் இதனால் முதன்மை பெறுகிறது. ஆக்சலேட்டு மிகுந்த புல்வகைகளை மட்டுமே நெடுங்காலம் உண்ணும் குதிரைக்கு எலும்பின் சுண்ணச்சத்து குறைந்து முகவெலும்பு வீங்கும். இது ஒருநாளில் கொல்லும் நஞ்சன்று. நாள்தோறும் கூடும் நஞ்சு.

5. கடிநஞ்சு: வடநெம்மேலியிலிருந்து

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதனையடுத்துப் பாம்புத்தோல் வணிகத்துக்கு வந்த தடையும் இருளரின் வாழ்வாதாரத்தை மாற்றின. பாம்பைக் கொல்லாமல் அதன் நஞ்சை மட்டும் எடுக்கும் கூட்டுறவுச் சங்கம் ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு 1978இல் உருவானது. வனத்துறை வரையறுக்கும் எண்ணிக்கைக்குள் பாம்புகள் பிடிக்கப்படுகின்றன. அவை மண்பானைகளில் சில வாரங்கள் வைக்கப்பட்டு, வாரம் ஒருமுறை நஞ்சு எடுக்கப்பட்டபின் காட்டில் விடப்படுகின்றன. விடுமுன் வயிற்றுச் செதிலில் அடையாளம் இடப்படுவதால் அண்மையில் நஞ்சு தந்த பாம்பு மீண்டும் பிடிபட்டால் இனங்காண முடிகிறது. எடுத்த நஞ்சு உறைகுளிரில் உலர்த்தப்பட்டுத் தூளாக மருந்து நிறுவனங்களுக்குச் செல்கிறது. இச்சமூகத்தைச் சார்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

நஞ்சு எடுக்கப்படுபவை நான்கு இனங்கள்: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். இப்பெயர்களுள் மூன்று ‘விரியன்’ என முடிகின்றன. ஆயினும் உயிரியல் வகைப்பாட்டில் கட்டுவிரியன் விரியன் குடும்பத்தது அன்று. அது நல்லபாம்பின் குடும்பத்தது. அதன் நஞ்சு நரம்பைத் தாக்கும். கடிவாயில் வீக்கமும் வலியும் மிகக் குறைவு. மற்ற இரு விரியன்களின் நஞ்சு முதன்மையாகக் குருதி உறைதலைக் குலைக்கும். பெயரொப்புமை கொண்டு அறிகுறியை எதிர்பார்ப்பவர், வீக்கமில்லை என்று கட்டுவிரியன் கடியைப் புறக்கணிக்கக்கூடும். பேச்சுவழக்குப் பெயரையும் நஞ்சின் இயல்பையும் இணைத்துக் கூறும் அகராதிப் பதிவு தேவை என்பதற்கு இது போதிய காரணம்.

6. குதிரையின் உடலில் நிகழ்வது

ஆல்பர்ட் கால்மெட் 1890களின் நடுப்பகுதியில் பாரிசு பாஸ்டர் நிறுவனத்தில் உருவாக்கிய முறையே அடிப்படையில் இன்றும் தொடர்கிறது. நஞ்சு மிகச் சிறிய அளவில், எதிர்ப்பாற்றலைத் தூண்டும் துணைப்பொருளோடு, குதிரையின் தோலடியில் செலுத்தப்படுகிறது. வாரக்கணக்கில் அளவு படிப்படியாக உயர்த்தப்படுகிறது. ஒருநாளில் கொல்லக்கூடிய அளவை, பழகிய உடல் பின்னர்த் தாங்கிக்கொள்கிறது. எதிர்ப்பொருள் போதிய அளவு உருவானபின் கழுத்துச் சிரையிலிருந்து குருதி எடுக்கப்படுகிறது. சிவப்பணுக்களைக் குதிரைக்கே திருப்பிச் செலுத்தி ஊநீரை மட்டும் கொள்ளும் முறை இன்று பரிந்துரைக்கப்படுகிறது. பெப்சின் கொண்டு எதிர்ப்பொருளின் தேவையற்ற பகுதி நீக்கப்பட்டு, எஞ்சியது தூய்மையாக்கப்பட்டுப் புட்டிகளில் அடைக்கப்படுகிறது. இந்தியப் பன்முக மருந்தின் ஒரு மில்லிலிட்டர், நல்லபாம்பு நஞ்சில் 0.6, கண்ணாடிவிரியனில் 0.6, கட்டுவிரியனில் 0.45, சுருட்டைவிரியனில் 0.45 மி.கி. அளவினை முறிக்க வேண்டும் என்பது வரையறை.

இப்பணி குதிரைக்குத் தீங்கற்றதன்று. ஊசியிட்ட இடத்தில் கட்டியும் தழும்பும் தோன்றலாம். மிகையான குருதியிழப்பால் சோகை வரலாம். நெடுங்காலம் ஊநீர் தரும் குதிரைகளின் ஈரலில் ஒருவகைப் புரதம் படிந்து அது கெட்டித்து, வெடிக்கவும் கூடும் என்பது மருத்துவம் அறிந்த உண்மை. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மேற்பார்வைக் குழுவின் நெறிகள் இக்குதிரைகளுக்கும் உரியன. ஓய்வு, உணவு, குருதி எடுக்கும் இடைவெளி, நஞ்சின் தூய்மை ஆகியவை குதிரையின் நலம் மட்டுமன்று. நோயாளியின் நலமும் ஆகும். நலிந்த குதிரை வலிய மருந்தைத் தருவதில்லை.

7. ஓரிடத்து நஞ்சு, பல இடத்துப் பாம்பு

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்தனர் என்பது 2020இல் வெளியான மதிப்பீடு. உலக நலவாழ்வு நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாடு 2024இல் அதனை அரசுக்கு அறிவிக்கவேண்டிய நோயாக்கியது.

இப்பின்னணியில் வடநெம்மேலியின் தனிச்சிறப்பே ஓர் எல்லையுமாகிறது. ஒரே இனப் பாம்பின் நஞ்சு நிலத்துக்கு நிலம் வேறுபடும். குதிரை தனக்குச் செலுத்தப்பட்ட நஞ்சுக்கே எதிர்ப்பொருள் உருவாக்கும். எனவே வடதமிழ்நாட்டுப் பாம்புகளின் நஞ்சால் பயிற்றப்பட்ட உடலின் ஊநீர், மேற்கு இராசத்தானத்துப் பாம்புக்கோ வடகிழக்குப் பாம்புக்கோ அதே அளவில் பயன்படும் எனக் கொள்ள இயலாது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சார்ந்த கார்த்திக் சுனகர் குழுவினரின் ஆய்வுகள் இவ்வேறுபாட்டை வெளிப்படுத்தியுள்ளன. இந்திய மருந்தையே பயன்படுத்தும் இலங்கையிலும் இச்சிக்கல் உண்டு. அங்கும் மேற்குத்தொடர்ச்சி மலையிலும் உள்ள கூம்புமூக்குக் குழிவிரியன்கள் நால்வகைப் பாம்புகளுள் அடங்காதவை. இது இருளரின் பணியில் உள்ள குறையன்று. ஒரு சமூகத்தின் திறனை ஒரே கடற்கரையில் நிறுத்திவிட்டு, அதனை நாடு முழுவதற்கும் போதுமெனக் கொண்ட திட்டத்தின் குறை. பிற நிலங்களிலும் நஞ்சு சேகரிக்கும் மையங்கள் அமையுமாயின், அங்குப் பயிற்றுநராகத் தகுதியுடையோர் இருளரே.

8. சொல்லில் மறைந்த குதிரை

மருத்துவமனையில் ‘ஏ.எஸ்.வி.’ எனவும், நாளிதழில் ‘விஷமுறிவு மருந்து’ எனவும், நூல்களில் ‘நச்சுமுறி’ எனவும் இம்மருந்து சுட்டப்படுகிறது. மூன்றுமே நஞ்சைக் கூறுகின்றன. மருந்தின் பிறப்பிடத்தைக் கூறவில்லை. நோயாளியின் உடலில் இது அயல் விலங்கின் புரதம். ஆகவே சிலருக்கு உடனடி ஒவ்வாமையும், சில நாள் கழித்துக் காய்ச்சலும் மூட்டுவலியும் தோன்றக்கூடும். மருத்துவர் கண்காணிப்பின்றி இதனைச் செலுத்தலாகாது என்பதன் காரணம் இதுவே. மருந்து ஊரிலேயே எளிதாகக் கிடைக்கும் பச்சிலை போன்றதன்று என்பதையும், குதிரையின் குருதிநீர் என்பதையும் பெயரே உணர்த்துமாயின் அக்காரணம் மக்களுக்கு விளங்கும்.

‘ஊநீர்’ என்பது ஏற்கெனவே கலைச்சொல் அகராதிகளில் இடம்பெற்ற சொல். ஊன், நீர் என்னும் இரண்டும் சேர்ந்து அது ஓர் உயிருடலிலிருந்து வந்ததைத் தெரிவிக்கிறது. ‘நச்சுமுறி ஊநீர்’ எனப் பொதுவாகவும், ‘குதிரை ஊநீர் நச்சுமுறி’ என விரிவாகவும் வழங்குதல் தகும். ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்படும் எதிர்ப்பொருள் மருந்துகள் எதிர்காலத்தில் வழக்கத்துக்கு வருமாயின், இரண்டையும் வேறுபடுத்தவும் இப்பெயர் உதவும்.

9. முடிவுரை

இவ்வாய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. குதிரை இக்கடற்கரைக்குக் கடல்வழி வந்த விலங்கு ஆதலால், மாட்டைப் பற்றிய அறிவு போலக் குதிரையின் நச்சியல் அறிவு தமிழ்ப் பொதுமக்கள் வழக்கில் வேரூன்றவில்லை. அரளித்தழை, ஆமணக்குப் பிண்ணாக்கு, கோழித் தீவனம் ஆகியன பற்றிய எச்சரிக்கைகள் குதிரை வளர்ப்போருக்குத் தமிழில் எழுதப்பட வேண்டியவை.

2. உண்நஞ்சு, கடிநஞ்சு என்னும் பகுப்பு, நஞ்சு செல்லும் வழியை முதன்மைப்படுத்துவதால் மருத்துவத் தமிழுக்குப் பயன்படும்.

3. கட்டுவிரியன் போன்ற பெயர்கள் நஞ்சின் இயல்பை மறைக்கின்றன. பாம்புப் பெயர்களை வட்டார வழக்கோடும் நஞ்சின் தன்மையோடும் தொகுக்கும் அகராதி தேவை. அத்தொகுப்பில் இருளர் தகவலாளர்களாக மட்டுமின்றி ஆசிரியர்களாகவும் இடம்பெறுதல் முறை.

4. செங்கல்பட்டு வயலில் பிடிபட்ட பாம்பின் நஞ்சு தொலைவிலுள்ள குதிரையின் உடலில் புகுந்து, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் படுக்கைக்கு மருந்தாகத் திரும்புகிறது. அப்பயணத்தின் தொடக்கத்தில் நிற்கும் இருளருக்கு அண்மையில் பெயர் கிடைத்தது. முடிவில் நிற்கும் நோயாளிக்கு உயிர் கிடைக்கிறது. நடுவில் நிற்கும் குதிரைக்குச் சொல்லிலேனும் இடம் தருவது கலைச்சொல்லாக்கத்தின் கடமை.